'கோவை' எழுதத் தெரியாத ஃபோட்டோஷாப் – மெனுக்களும் பேனல்களும் வந்த கதை

'கோவை' என்ற சொல்லில் இருப்பது இரண்டே எழுத்து. ஆனால் 2000களில் ஃபோட்டோஷாப்பைத் திறந்து, யூனிகோடு தமிழில் இந்தச் சொல்லை அடித்தவர்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 'வை'யில் முன்னால் நிற்க வேண்டிய ஐகாரக் குறி 'வ'வுக்குப் பின்னால் போய் நின்றது. 'கோ'வில் ஒரு கொம்பு இந்தப் பக்கமும் ஒரு கால் அந்தப் பக்கமும் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 'க'வுக்குப் பின்னால் ஒதுங்கிக் கொண்டன.

கொங்கு, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம், ஈரோடு... எல்லாவற்றுக்கும் இதே கதிதான். திருப்பூரில் 'பூ' உடைந்தது. கரூரில் 'ரூ' உடைந்தது. முன்னால் வரும் குறி எதுவும் இல்லாததால் நாமக்கல்லுக்கு மட்டும் சேதம் கொஞ்சம் குறைவு!

பல ஆண்டுகள் கழித்து இதற்குத் தீர்வு வந்தது. வந்த இடம்தான் வேடிக்கை. அது ஒரு மெனுவுக்குள், ஒரு துணைமெனுவுக்குள், ஒரு சிறிய பொத்தானாக உட்கார்ந்திருந்தது. ஒரு மென்பொருளில் எது கண்ணெதிரே இருக்க வேண்டும், எது மறைந்திருக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக் கொண்டு போனால் மெனு, பேனல் ஆகியவற்றின் முழு வரலாறும் கிடைத்துவிடும்.

இருட்டறையில் இருந்த பேனல்

படத்தோடு கோவைக்கு உள்ள உறவு கணினிக்கு மிகவும் முந்தையது. தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் சினிமா கருவியை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். அந்தச் சாலைக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1930களிலும் 40களிலும் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று படப்பிடிப்புத் தளங்களும் இங்கே எழுந்தன. சினிமா ஒருபுறம் இருக்க, கல்யாணப் படமும் குடும்பப் படமும் எடுக்கும் போட்டோ ஸ்டூடியோக்களும் ஊருக்கு ஊர் வந்தன.

அந்த ஸ்டூடியோக்களின் டார்க் ரூமை நினைத்துப் பார்க்கலாம். சிவப்பு விளக்கு. என்லார்ஜர் ஒரு பக்கம். டெவலப்பர், ஃபிக்ஸர் தட்டுகள் வரிசையாக. இருட்டில் கை தானாகப் போய் எடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. நெகட்டிவ்வில் முகத்தின் தழும்பை மெல்லிய பென்சிலால் மறைக்கும் 'டச்சிங்' வேலைக்குத் தனி மேஜை. ஒருவர் மேஜை போல் இன்னொருவர் மேஜை இருக்காது. அவரவர் கைக்கு ஏற்ற மாதிரி அடுக்கிக் கொண்டார்கள். இன்றைய பேனலின் வேலையை அன்று அந்த மேஜைதான் செய்தது.

இது உவமைக்காகச் சொல்வது மட்டும் அல்ல. ஃபோட்டோஷாப்பின் கருவிப்பெட்டியில் 'டாட்ஜ்' கருவியின் படம் குச்சியில் ஒட்டிய வட்டம் போல் இருக்கும். டார்க் ரூமில் தாளின் ஒரு பகுதியில் வெளிச்சம் குறைவாக விழச் செய்ய, குச்சியில் அட்டை ஒட்டி அசைத்த வழக்கத்தின் நினைவு அது. 'பர்ன்' கருவிக்குக் குவித்த கை படம். ஒரு துளை வழியாக மட்டும் வெளிச்சம் விழும்படி கையைக் குவிப்பார்கள். 'அன்ஷார்ப் மாஸ்க்' என்ற பெயர் பலரையும் குழப்பும். படத்தைத் தெளிவாக்கும் கட்டளைக்கு ஏன் தெளிவற்ற பெயர்? மங்கலான ஒரு பிரதியை நெகட்டிவ்வோடு சேர்த்து வைத்து விளிம்புகளைத் துலங்கச் செய்த பழைய முறையின் பெயர் அப்படியே மெனுவில் ஏறிவிட்டது. டார்க் ரூமில் நின்று பழகியவருக்கு மெனுவில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

திரைக்கு வந்த கருவிப்பெட்டி

1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஷூப் 'சூப்பர்பெயின்ட்' என்ற ஓவிய அமைப்பை உருவாக்கினார். தூரிகையையும் நிறத்தையும் திரையில் தெரியும் பட்டியலில் இருந்தே தேர்ந்தெடுக்கும் வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி.

பொதுமக்களுக்கு அது கிடைத்தது 1984 ஜனவரியில். ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினியுடன் பில் அட்கின்சன் எழுதிய 'மேக்பெயின்ட்' வந்தது. இடது ஓரத்தில் கருவிகள், மேலே மெனுக்கள், நடுவில் தாள். கயிற்றுச் சுருக்கு, பெயின்ட் வாளி போன்ற சின்னங்களை சூசன் கேர் வரைந்தார். இன்றைக்கு எந்தப் பட மென்பொருளைத் திறந்தாலும் ஏறக்குறைய அதே அமைப்புதான்.

அடுத்தது ஃபோட்டோஷாப். மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் நால் 1987-ல் தொடங்கிய நிரலும், திரைப்பட நிறுவனத்தில் வேலை செய்த அவருடைய தம்பி ஜான் நாலின் யோசனைகளும் சேர்ந்து உருவானது. அடோபி நிறுவனம் உரிமம் பெற்று 1990 பிப்ரவரியில் முதல் பதிப்பை மெக்கின்டாஷுக்கு மட்டும் வெளியிட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த 2.5 பதிப்பில்தான் விண்டோஸுக்கு வந்து சேர்ந்தது. நம்மூர்க் கடைகளில் அது நுழைய வழி திறந்தது அப்போதுதான்.

ஆரம்பத்தில் மெனு சின்னது. ஒவ்வொரு பதிப்பிலும் வசதிகள் கூடின, மெனுவும் நீண்டது. 1994-ல் 3.0 பதிப்பில் லேயர்கள் வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்குவது போல. ஆனால் எந்தத் தாள் மேலே, எது கீழே என்று காட்ட எப்போதும் திறந்திருக்கும் ஒரு பெட்டி வேண்டும். இப்படித்தான் 'பேலட்' முக்கியமானது. மெனு என்பது தேவைப்படும்போது திறந்து மூடும் அலமாரி. பேலட் என்பது மேஜை மேலேயே கிடக்கும் சாமான். பின்னாளில் இதற்குத்தான் 'பேனல்' என்று பெயர் மாறியது.

அடுக்கும் உரிமை யாருக்கு?

பேலட்கள் பெருகியதும் புதிய தலைவலி. 14 அங்குல, 15 அங்குல மானிட்டரில் பாதித் திரையைப் பேலட்களே அடைத்துக் கொண்டன. படம் எங்கே? அடியில் எங்கோ! டேப் கீயை அழுத்தினால் எல்லாப் பேனல்களும் மறையும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். தெரிந்தவருக்கு இது வரப்பிரசாதம். தெரியாமல் கை பட்டு அழுத்தியவருக்கோ, சாஃப்ட்வேரே கெட்டுவிட்டது என்ற பீதி.

இதற்கு விடையாக வந்த மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 3.0-ல் பேலட்களைத் தாவல்களாக ஒன்றுக்குள் ஒன்று சேர்க்க முடிந்தது. 1996-ல் 4.0 பதிப்பில் 'ஆக்ஷன்ஸ்' வந்தது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர் அதைப் பதிவு செய்து ஒரு விசையில் வைத்துக் கொள்ளலாம். 1998-ல் 5.0-ல் 'ஹிஸ்டரி' வந்தது. 2000-ல் 6.0-ல், எடுத்த கருவிக்கு ஏற்ப மாறும் ஆப்ஷன்ஸ் பட்டை வந்தது. 2002-ல் 7.0-ல், பேனல்களை அடுக்கிய விதத்துக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமிக்கும் 'ஒர்க்ஸ்பேஸ்' வந்தது. 2003-ல் வந்த சிஎஸ் பதிப்பில் விசைச் சுருக்கங்களை மாற்ற முடிந்தது. 2005-ல் சிஎஸ்2-வில் மெனுவையே மாற்ற முடிந்தது. வேண்டாத கட்டளையை மறைக்கலாம், அடிக்கடி தேவைப்படுவதற்கு வண்ணம் பூசலாம். 2007-ல் சிஎஸ்3-ல் பேனல்கள் சின்னங்களாகச் சுருங்கி ஓரத்தில் ஒட்டிக் கொண்டன.

1990-ல் எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் மென்பொருளை எழுதியவர். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த உரிமை, துண்டு துண்டாக, மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர் கைக்கு வந்தது. டார்க் ரூம் மேஜையைத் தானே அடுக்கிய அந்தப் பழைய உரிமைதான்!

ஒரே சாஃப்ட்வேர், மூன்று மேஜை

கொங்கு வட்டாரத்தில் இந்த உரிமையை நன்றாகவே பயன்படுத்திக் கொண்டார்கள்.

முதலில் போட்டோ ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருபவர் பஸ் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார். முகத்தை 3.5 x 4.5 செ.மீ. அளவுக்கு வெட்ட வேண்டும், பின்னணியை மாற்ற வேண்டும், ஓரத்தில் கோடு போட வேண்டும், 4 x 6 அங்குலத் தாளில் எட்டுப் பிரதி அடுக்க வேண்டும். மெனு மெனுவாகத் தேடினால் பஸ் போய்விடும். வெட்டுவதையும் அடுக்குவதையும் ஆக்ஷனாகப் பதிவு செய்து, எஃப்2, எஃப்3 என்று விசைகளில் வைத்தால் போதும். அங்கே திரையில் திறந்திருப்பவை லேயர்ஸும் ஆக்ஷன்ஸும்தான்.

அடுத்தது திருப்பூர். பனியன் துணியில் ஸ்கிரீன் பிரின்டிங் செய்யும்போது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். ஆறு நிறம் என்றால் ஆறு ஸ்கிரீன், ஆறு ஃபிலிம். அதனால் டிசைனை நிறம் நிறமாகப் பிரிக்க வேண்டும். இந்த வேலைக்கு 'சேனல்ஸ்' பேனல் உயிர்நாடி. 1998-ல் 5.0 பதிப்பில் 'ஸ்பாட் சேனல்' வந்ததும் குறிப்பிட்ட ஒரு மையை ஒரு சேனலாகவே வைத்துக் கொள்ள வழி பிறந்தது. கோவை ஸ்டூடியோக்காரர் மாதக்கணக்கில் தொடாத பேனல், திருப்பூர் டிசைனரின் திரையில் எப்போதும் திறந்திருக்கும்.

மூன்றாவது, கல்யாணப் பத்திரிகை, கோவில் கும்பாபிஷேக அழைப்பு, ஃபிளெக்ஸ் பேனர் செய்யும் கடை. படம் கொஞ்சம், எழுத்து அதிகம். ஊர்ப் பெரியவர்கள் பெயர் ஒன்று விடாமல் வர வேண்டும். ஒரு பெயர் விட்டுப் போனாலும் வம்பு. அங்கே எழுத்துரு, எழுத்தின் அளவு, வரி இடைவெளி எல்லாம் உள்ள 'கேரக்டர்' பேனலே ராஜா.

மூன்றாவது மேஜையில்தான் சிக்கலும் இருந்தது.

ஐந்து ஆங்கில எழுத்தில் ஒரு கோவை

யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. விண்டோஸ் 2000-ல் யூனிகோடு தமிழும் 'லதா' எழுத்துருவும் வந்தன. ஆனால் யூனிகோடில் 'வை' என்பது முதலில் 'வ', அதன் பிறகு ஐகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது மென்பொருள் அதை இடம் மாற்றிக் காட்ட வேண்டும். ஃபோட்டோஷாப்பின் எழுத்து இயந்திரத்துக்கு அது தெரியாது. ஜப்பானிய மொழிக்குத் தனிப் பதிப்பு இருந்தது. அரபு, ஹீப்ரு மொழிகளுக்கு மத்தியக் கிழக்குப் பதிப்பு இருந்தது. தமிழுக்கு ஒன்றும் இல்லை.

கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். உதாரணத்துக்கு 'பாமினி'. அதில் 'கோவை' என்று வர, பெரிய என், பிறகு சிறிய எஃப், எச், ஐ, டி என்று ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். தமிழ் தட்டச்சு கற்றவர்களுக்கு இது பழகிய வரிசை. முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிக்கலாம். திரையில் அழகான கோவை! கணினிக்கு மட்டும் அது கோவை அல்ல, பொருளற்ற ஐந்து ஆங்கில எழுத்து.

அன்றைய நிலையில் அது கெட்டிக்காரத்தனமான வழி. அது இல்லாவிட்டால் ஒரு பத்திரிகைகூட அச்சாகியிருக்காது. ஆனால் விலை பிறகு தெரிந்தது. போன வருடத் திருவிழா ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றலாம் என்று நினைத்தால், அந்தக் கணினியில் அதே எழுத்துரு இருக்க வேண்டும். இல்லையென்றால் மாரியம்மன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒரு நிறுவன எழுத்துருவின் வரிசை இன்னொன்றுக்குப் பொருந்தாது. தேட முடியாது, நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்ட முடியாது.

கிம்ப் காட்டிய வழி

இதே காலத்தில் வேறொரு மென்பொருள் தமிழை ஒழுங்காகக் காட்டத் தொடங்கியிருந்தது. 1995-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் தொடங்கிய இலவச மென்பொருளான 'கிம்ப்'தான் அது. 2004 மார்ச்சில் வந்த 2.0 பதிப்பில், எழுத்துக் கருவி 'பேங்கோ' என்ற பன்மொழி எழுத்து நூலகத்தின் மேல் அமைக்கப்பட்டது. யூனிகோடு தமிழுக்கு அதில் இடம் இருந்தது. தன்னார்வலர்கள் கிம்ப்பின் மெனுக்களையே தமிழில் மொழிபெயர்த்தார்கள்.

அப்படியானால் கடைகள் ஏன் மாறவில்லை? காரணங்கள் இரண்டு. ஒன்று, அச்சகத்துக்குத் தேவையான சிஎம்ஒய்கே நான்கு வண்ண முறை கிம்ப்பில் நேரடியாக இல்லை. மற்றொன்று, கை பழக்கம். கிம்ப்பில் கருவிகள் தனி ஜன்னல், படம் தனி ஜன்னல், லேயர்கள் தனி ஜன்னல். ஃபோட்டோஷாப்பில் பழகிய கை அங்கே தடுமாறியது. 2005-ல் ஸ்காட் மாஷெல்லா என்பவர் 'கிம்ப்ஷாப்' என்று ஒன்றை வெளியிட்டார். உள்ளே அதே கிம்ப். மெனுக்களின் பெயரும் வரிசையும் மட்டும் ஃபோட்டோஷாப் மாதிரி. மெனுவின் அடுக்கு மனிதர்களை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கிம்ப் எல்லாவற்றையும் ஒரே ஜன்னலுக்குள் கொண்டு வந்தது 2012 மே மாதம், 2.8 பதிப்பில். அதற்குள் காலம் ஓடிவிட்டது.

திறமை உள்ளே, கதவு வெளியே இல்லை

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த நாட்களில்தான் தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்கான குறியீட்டுத் தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது. யூனிகோடு முழுமையாக இயங்காத இடங்களுக்கு 'டேஸ்16' என்ற மாற்றுக் குறியீடும் ஏற்கப்பட்டது. கணினித் தமிழ் வரலாற்றில் கோவைக்கு இது பெருமையான இடம். ஆனால் அதே வருடம், அதே ஊரில், ஃபோட்டோஷாப்பில் யூனிகோடில் 'கோவை' என்று அடித்தால் எழுத்து உடைந்துதான் வந்தது. அரசாணை ஒன்று, மெனு வேறொன்று!

இதற்கிடையே அடோபியின் உள்ளே ஒரு விசித்திரம் நடந்திருந்தது. 2008-ல் வந்த அந்நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் சிஎஸ்4-ன் உள்ளேயே, பல உலக மொழிகளின் எழுத்தைக் கோக்கும் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' ஒளிந்திருந்தது. ஆங்கிலப் பதிப்பின் மெனுவில் மட்டும் அதற்கு இடம் தரப்படவில்லை. ஸ்கிரிப்ட் மூலமோ, தயார் செய்து வைத்த மாதிரிக் கோப்பு மூலமோதான் அதை எழுப்ப வேண்டும். திறமை உள்ளே இருந்தது, கதவு இல்லை. 2012-ல் சிஎஸ்6-ல் தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளுக்கு முறையான ஆதரவு வந்தது. அப்போதும் ஸ்கிரிப்ட்ஸ் பேனலைத் திறந்து, இந்திய மொழிகளுக்கான ஸ்கிரிப்டை இரட்டை கிளிக் செய்து இயக்க வேண்டியிருந்தது.

ஃபோட்டோஷாப்பில், 2013-க்குப் பிறகு வந்த சிசி வரிசையில், எடிட் மெனு, அதில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் என்று போனால் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்ற தேர்வு இருந்தது. அதைத் தொட்டுவிட்டு, ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து, புதிய ஃபைலில் எழுதினால் கோவை கோவையாகவே வந்தது. தமிழ் என்ற பெயரே இல்லாத அந்த வரிக்குப் பின்னால் தமிழ் இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? போதாக்குறைக்கு, மாதச் சந்தா கேட்ட சிசி-க்கு மாறாமல் 7.0-விலும் சிஎஸ்3-லும் தொடர்ந்த கடைகளுக்கு அந்த வரியே கிடையாது. கடைசியில் 2021 அக்டோபரில் வந்த பதிப்பில் அடோபி எல்லா மொழிகளுக்கும் ஒரே எழுத்து இயந்திரம் என்று மாற்றியது. தனியாக இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை அதோடு முடிந்தது.

மிச்சம் இருப்பது

கதை முடிந்ததா? மென்பொருளுக்கு முடிந்தது. 2025 மார்ச்சில் கிம்ப் 3.0-வும் வெளிவந்து, ஃபோட்டோஷாப்புக்குப் பணம் கட்ட முடியாதவருக்கும் வழி அகலமாகிவிட்டது. ஆனால் இருபது ஆண்டுக் காலத்தில் செய்த பத்திரிகைகள், மலர்கள், திருவிழா அழைப்புகள் பழைய ஹார்டு டிஸ்க்குகளிலும் சிடிக்களிலும் ஆங்கில எழுத்துகளாகவே உறங்குகின்றன. எந்த ஊரில் எந்தக் கோவிலுக்கு எந்த ஆண்டு குடமுழுக்கு, யார் யார் பெயர் இருந்தது என்று நாளை ஒருவர் தேடினால் கணினி 'இல்லை' என்றே சொல்லும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது தெரிந்தவர்கள் அந்தக் கடைகளில் அன்று உட்கார்ந்து அடித்தவர்களே.

கொங்கு வட்டார டிசைனர்கள் ஆக்ஷனை விசையில் வைத்தார்கள், சேனலைப் பிரித்தார்கள், பேனல்களைத் தங்கள் கைக்கு ஏற்ற மாதிரி அடுக்கினார்கள். பார்க்காமல் விட்டது, அல்லது பார்க்கக் கிடைக்காமல் போனது, பிரிஃபரன்சஸுக்குள் இருந்த அந்த ஒரே வரிதான். புதிதாக ஒரு மென்பொருளை நிறுவுபவர் முதலில் வடிகட்டிகளை விளையாடிப் பார்ப்பது வழக்கம். அதற்கு முன்னால் ஒரு நிமிடம் ஒதுக்கி, எழுத்துக் கருவியை எடுத்து, 'கோவை' என்று அடித்துப் பார்ப்பது நல்லது. ஐகாரக் குறி 'வ'வுக்கு முன்னால் நின்றால் வேலையைத் தொடங்கலாம். பின்னால் நின்றால், ஏதோ ஒரு மெனு இன்னும் திறக்கப்படாமல் இருக்கிறது.